மெழுகில் மீந்திருந்தவளுக்கு

இன்று காலை லேபைத் திறந்ததும் மெழுகு உருகும் வாசனை வந்தது. நேற்று மாலை யாரோ சூட்டுப்பெட்டியை அணைக்காமல் போயிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் அந்த யாரோ யார் என்று கண்டுபிடித்து, பத்து மணிக்குள் ஒரு வழி பண்ணியிருப்பாய். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். மெழுகு கொஞ்சம், அதைக் கரைக்கிற சைலீன் கொஞ்சம். பன்னிரண்டு வருஷம் உன் சேலையில் இருந்த வாசனை இதுதான். தலையில் தினமும் கனகாம்பரம் வைத்து வருவாய், ஆனால் அதற்குத்தான் வாசனையே கிடையாதே. ரயிலில் உன் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போவார்கள். "ஆஸ்பத்திரி வாசனடி இது. எடம் தாராளமாக் கெடைக்கும்" என்று நீ காலை நீட்டிக்கொள்வாய்.

உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். போன ஐப்பசியில், உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். நீ நம்பினாய். அதைச் சரிசெய்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நேரே விஷயத்துக்கு வருவது எனக்கு எப்போது கைவந்திருக்கிறது? "பூசி மெழுகாத, சொல்லித் தொல" என்று நீ அதட்ட வேண்டும், அப்போதுதான் எனக்கு வாய் திறக்கும். இப்போது அதட்ட ஆளில்லை. அதனால் என் வழியிலேயே, மெதுவாக வருகிறேன்.

இப்போதும் அதே ரயில்தான். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏறி, சாப்பாட்டுப் பையை வைத்து உனக்கு ஜன்னலோர இடம் பிடிப்பேன். முதுநகரில் நீ ஏறுவாய். ஒரு நாளாவது நன்றி என்று சொல்லியிருப்பாயா? "இன்னா, வெயில் பக்கமாப் புடிச்சி வெச்சிருக்க?" என்பதுதான் உன் காலை வணக்கம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ரயில் நின்று நின்று போகும். மாமியார், மகளின் கணக்கு மார்க், தெருமுனைக் குழாய் என்று ஒன்றையும் விடாமல் பேசிக்கொண்டே வருவாய். பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் சட்டென்று வாயை மூடிக்கொள்வாய். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "தண்ணி மேல போறப்ப எதுக்குப் பேச்சு? சும்மா பாத்துக்கினு வா" என்றாய்.

நானும் பார்த்துக்கொண்டு வருவேன். கடல் பக்கமாக ஆறு அகன்று கிடக்கும். காலை வெளிச்சத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வலை கட்டிய கழிகளில் கொக்குகள் அசையாமல் நிற்கும். பாலத்தின் தடதடப்பில் பெட்டியே பாதித் தூக்கத்தில் ஆடும். பாலம் முடிந்து கிள்ளை வரும்போது நீ விட்ட வார்த்தையிலிருந்து மறுபடி தொடங்குவாய்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சிதம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரியின் நோய்க்கூறு லேபில் நீ டெக்னீஷியன், நான் ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாள். அறுவை அறையிலிருந்து வரும் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, அதை முடியைவிட மெல்லிசாகச் சீவுவது உன் வேலை. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பனாக வரும். அந்த ரிப்பனைத் தூரிகை நுனியால் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிடுவாய். சுருங்கிக் கிடந்தது மெல்ல விரியும். அதற்கு அடியில் கண்ணாடி ஸ்லைடை நீட்டி அள்ளுவாய். உன்னை மாதிரி அதைச் செய்கிறவளை நான் பார்த்ததில்லை. நான் செய்தால் கிழியும், அல்லது சுருக்கம் விழும்.

ரிப்பனுக்கு இரண்டு பக்கம் உண்டு, ஒன்று பளபளப்பு, மற்றது மங்கல். பளபளப்புப் பக்கம்தான் தண்ணீரைத் தொட வேண்டும். திருப்பிப் போட்டால் ஸ்லைடில் இடது வலதாக, வலது இடதாக ஆகிவிடும். சாதாரண ஸ்லைடுக்கு அது பெரிய குற்றமில்லை. நம் ஆராய்ச்சிக்குத்தான் அது ஆபத்து.

அந்த ஆராய்ச்சி, நம் லேபின் தலைமை டாக்டரான மேடம் எடுத்துக்கொண்டது. சிறுநீரகத்தில் சிறுநீர் கடைசியாக வந்து சேரும் மெல்லிய குழாய்களில் பிறக்கும் ஒரு புற்றுநோய். ரொம்ப அபூர்வம். வருஷக்கணக்கில் சேர்த்தும் நம் அலமாரியில் இருந்தவை ஒரு கை விரல்களுக்குக் கொஞ்சம் மேல். அந்தச் சதையில் மைக்ரோ ஆர்என்ஏ எவ்வளவு இருக்கிறது, அதே சிறுநீரகத்தின் நல்ல பகுதியில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து ஒப்பிட வேண்டும். மேடம் சாயமேற்றிய ஒரு ஸ்லைடில் நோய் இருக்கும் பகுதியைப் பேனாவால் சுற்றி வரைந்து தருவார். அதற்கு மேல் சாயமேற்றாத ஸ்லைடை வைத்து, கோட்டுக்கு உள்ளே இருப்பதைச் சுரண்டி ஒரு டியூபிலும், வெளியே இருப்பதை இன்னொரு டியூபிலும் போடுவோம். சாயம் இல்லாத சதை கண்ணுக்கு வெறும் வெள்ளை மங்கல்தான். கோட்டை நம்பித்தான் சுரண்ட வேண்டும்.

"இந்த மைக்ரோ இன்னாத்ததான் செய்யுது?" என்று ரயிலில் கேட்டாய்.

"செல்லுக்குள்ள நெறைய ஆர்என்ஏ, இத செய் அத செய்னு ஏதாவது சொல்லிக்கினே இருக்கும். இது அதுங்கள வாய மூடுன்னு சொல்லும்."

"அப்ப எங்க மாமியாரு."

"ஆமா, சைஸுதான் கொஞ்சம் சின்னது" என்றேன். புதுச்சத்திரம் வரைக்கும் சிரித்தாய்.

இன்னொரு நாள், இத்தனை வருஷம் பார்மலினிலும் மெழுகிலும் கிடந்த சதையில் அது எப்படி மீந்திருக்கும் என்று கேட்டாய். நீளமான ஆர்என்ஏ எல்லாம் துண்டுதுண்டாகிவிடும், இவை ரொம்பக் குட்டி, அதனால் தாக்குப்பிடிக்கும் என்று சொன்னேன். "பரவால்லையே, பொடிசுங்க" என்றாய்.

போன வருஷம் பங்குனியில் உனக்கு இடுப்பு வலி வந்தது. ரயிலில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் என்றாய். பிறகு சிறுநீரில் ரத்தம். நம் ஆஸ்பத்திரியிலேயே அறுவை நடந்தது. அந்தச் சதை நம் லேபுக்கு வந்த நாளில் மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. என்னைக் கூப்பிட்டு, "நீயும் பாரு" என்று மட்டும் சொன்னார். பார்த்தேன். எத்தனையோ ஸ்லைடில் பார்த்துப் பழகிய அதே உருவம், இந்த முறை உன் பெயரோடு. எத்தனையோ பேர் இருக்க, அந்த நோயைச் சீவி ஸ்லைடு போட்டவளுக்கே அது வருவதா என்று எல்லோரும் மாய்ந்துபோனார்கள். "சீவறவங்களுக்கு வராதுன்னு எங்கனா எழுதி ஒட்டிருக்கா?" என்று நீ கேட்டாய்.

உன்னை வதைத்தது வேறொன்று. மருந்து ஏற்றிக்கொள்ளப் போகும் இடத்தில் மற்ற பெண்கள் கூடிக் கூடிப் பேசுவார்கள். "எல்லாருக்கும் மார்ல, இல்லன்னா கர்ப்பப்பையில. எந்த மருந்துக்கு வாந்தி ஜாஸ்தி, எதுக்கு வாய் புண்ணாவும், எப்ப முடி மொளைக்கும்னு அவுங்களுக்குள்ள சொல்லிக்கிறாங்க. நான் போய் உக்காந்தா, 'ஒனக்கு இன்னா சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியலியேக்கா'ன்றாங்க. இதுல கூட எனக்கு ஒரு செட்டு இல்ல பாரு" என்றாய். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறது என்று நீ எப்போதும் சொன்னதில்லை. தனியாக இருக்கிறது என்று அந்த ஒரு தடவைதான் சொன்னாய். எனக்கு அது பயத்தைவிடக் கொடுமையாக இருந்தது.

ஆனியில் வேலைக்குத் திரும்பி வந்தாய். பாதியாகியிருந்தாய். வந்த மூன்றாம் நாள் ஆராய்ச்சி அலமாரியைத் திறந்து ஒன்பதாம் எண் பிளாக்கை எடுத்து மேசையில் வைத்தாய். ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நீயே கையெழுத்துப் போட்டுத் தந்த உன் பிளாக். எண்ணுக்குப் பின்னால் யார் என்று தெரியக் கூடாது என்பது விதி. விதி நம் இருவரையும் பார்த்து என்ன செய்யும்?

"வேணாம்டி. நான் வேற ஆள வெச்சி சீவிக்கிறேன்" என்றேன்.

"என்னோடத நான் சீவாம வேற எவ சீவுவா? கிழிச்சி வெச்சிருவாளுங்க" என்று சீவும் மெஷினின் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தாய்.

ரிப்பன் வந்தது. எப்போதும் போல நேராக, சுருக்கமில்லாமல். தண்ணீர்த் தொட்டியின் மேல் குனிய உன்னால் முடியவில்லை, தையல் இழுத்தது. "நீ எடுத்துப் போடு" என்றாய். தூரிகையால் தூக்கிப் போட்டேன். அது மெல்ல விரிந்தது. நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் பார்த்தாய். நான் அள்ளவில்லை, நீயும் அள்ளச் சொல்லவில்லை. வெளியே வார்டு பக்கம் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. தண்ணீரின் மேல் உன் முகமும், அதற்குள் அந்த வெள்ளைச் சீவல்களும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி ஒரு மயக்கம் வருகிறது.

"இதுதானா?" என்றாய். "இவ்ளோதானா? இதுக்கா இத்தினி அழிச்சாட்டியம்?"

பிறகு நீயே ஸ்லைடை எடுத்து நீட்டினாய்.

புரட்டாசியில் எண்கள் வந்தன. மற்ற பிளாக்குகளில் எல்லாம் ஒரு குறிப்பிட்ட மைக்ரோ ஆர்என்ஏ நோய்ப் பகுதியில் குறைந்திருந்தது, நல்ல பகுதியில் சரியாக இருந்தது. வாயை மூடச் சொல்ல ஆளில்லாமல் அந்தச் செல்களில் எல்லாம் இரைந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள். ஒன்பதில் மட்டும் நேர் தலைகீழ். நோய்ப் பகுதியில் அது ஏகத்துக்கு ஏறியிருந்தது.

நீ அப்போது வேலைக்கு வருவதை நிறுத்தியிருந்தாய். ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் உன் வீட்டுக்கு வந்தேன். துறைமுகத்திலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. உன் வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து, ஈர லுங்கியோடு வாசலில் நின்றிருந்தார். நீ கண்ணை மூடியபடியே, என் வாசனையை வைத்துக் கண்டுபிடித்தாய்.

"என் நம்பரு ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"எப்படி வந்துச்சு?"

அந்த நொடியில் எனக்கு அந்த ஆரஞ்சு உரித்த நாள்தான் ஞாபகம் வந்தது. எனக்குத் தைரியம் இல்லை. "எல்லாரையும் மாதிரிதான்" என்றேன்.

"நெஜமா?"

"நெஜமா."

நீ கண்ணைத் திறந்தாய். அத்தனை நாள் கழித்து உன் முகத்தில் ஒரு சிரிப்பு. "ஏங்க, எனக்கும் செட்டு இருக்காம்" என்று வாசலைப் பார்த்துச் சொன்னாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார். பதினோரு நாள் கழித்து நீ போய்விட்டாய். உன் சாம்பலைத் தேவனாம்பட்டினத்தில் கடலில் விட்டார்கள். நான் மணலில் நின்றிருந்தேன். அலை வந்து அதை வாங்கிக்கொண்டு போனது. எனக்கு அழுகை வரவில்லை, உன் மேல் கோபம்தான் வந்தது. நாளைக்கு நான் யாருக்கு இடம் பிடிப்பது?

மேடம் நல்லவர்தான், உனக்குத் தெரியும். கட்டுரையை எழுதி முடிக்கும் அவசரத்தில் இருந்தார். "ஒண்ணு மட்டும் ஒத்து வரலன்னா எடுத்துடும்மா. சாம்பிள்ல ஏதோ கோளாறு இருக்கும்" என்றார். எடுத்துவிட்டால் படம் அழகாகிவிடும். எடுக்காமலே இன்னொரு வழியும் இருந்தது. கம்ப்யூட்டரில் இரண்டு எண்களை இடம் மாற்றிவிட்டால் போதும், நீயும் எல்லோரையும் போல ஆகிவிடுவாய். நான் சொன்ன பொய் நிஜமாகிவிடும். ஒருநாள் மத்தியானம் விரலைப் பொத்தான் மேல் வைத்தும் விட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

விரலை எடுக்க வைத்தது ஒரு சந்தேகம். அன்றைக்கு ரிப்பனைத் தண்ணீரில் போட்டது நான்தானே? எந்தப் பக்கம் கீழே போனது? எனக்கு ஞாபகமே இல்லை. நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் துண்டு கிட்டத்தட்ட வட்டம், இடது பாதி நோய், வலது பாதி நல்ல சதை. திருப்பிப் போட்டிருந்தால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. முன்பே சீவிய ஸ்லைடில் மேடம் வரைந்த கோட்டை நம்பி நல்ல சதையை நோய் என்றும், நோயை நல்ல சதை என்றும் சுரண்டியிருப்பேன். மற்ற நாளாக இருந்தால் நீ தூரத்திலிருந்தே பார்த்து, "மண்டு, திருப்பிப் போடு" என்று கத்தியிருப்பாய். அன்றைக்கு நீயும் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

தப்பு என்னுடையதாக இருந்தால் நீ தனி இல்லை. மறுபடி சீவிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அபூர்வமான நோய் என்பதால் உன் பிளாக்கிலிருந்து ஏற்கெனவே பல ஸ்லைடுகள் வெளியூர் டாக்டர்கள் பார்க்கப் போயிருந்தன. மெழுகில் மீந்திருந்தது ஒரு மெல்லிய ஏடுதான், மிஞ்சினால் நாலு சீவல் வரும். அதோடு தீர்ந்தது. ஸ்லைடுகளில் போனது போக, உன் உடம்பில் இந்தப் பூமியில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். கார்த்திகை போயிற்று, தை போயிற்று. நான் அலமாரியைத் திறப்பேன், ஒன்பதைக் கையில் எடுப்பேன், சூட்டில் இளகிவிடுமோ என்று பயந்து உடனே வைத்துவிடுவேன். மேடம் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொன்னேன்.

மாசியில் ஒருநாள் வெள்ளாற்றுப் பாலத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். ஆறு முழுக்க மெழுகு ரிப்பன் மிதந்துகொண்டிருந்தது, கடல் வரைக்கும் நீளமாக, சுருக்கமில்லாமல். நீ எதிரே உட்கார்ந்திருந்தாய். எந்தப் பக்கம் கீழே இருக்கிறது என்று உன்னிடம் கேட்கிறேன். நீ வாயில் விரலை வைத்து, பாலம் முடியட்டும் என்று சைகை காட்டுகிறாய். பாலம் முடியவே இல்லை. கண் விழித்தபோது ரயில் சிதம்பரத்தில் நின்று, எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள்.

அப்புறமும் மூன்று மாசம் இழுத்தேன். போன வாரம்தான் ஐஸ் கம்பெனிக்குப் போய் உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பலகைச் சரிவில் ஐஸ் கட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சத்தத்தில் பேச முடியாமல் வெளியே வந்து படகுகள் பக்கம் நின்றோம். கடைசிச் சீவலைப் பற்றிச் சொன்னேன்.

"அதுல அவ இன்னும் இருக்காளாம்மா?" என்று கேட்டார்.

"கொஞ்சூண்டு இருக்காண்ணே. சீவிட்டா இருக்க மாட்டா."

அவர் கையிலிருந்த ஈரத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அடக்க முடியாமல் பொய் விஷயத்தையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நீ வந்துட்டுப் போன அன்னிக்குத்தாம்மா அவ நல்லாத் தூங்குனா" என்றார். அதைக் கேட்டதும் அத்தனை மாசமாக வராத அழுகை அங்கே வந்தது. மீன்கூடையோடு போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் முடித்து மூக்கைத் துடைக்கும் வரை அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீவும்மா. சீவறதுக்குத்தான பிளாக்கு, சாமி கும்பிடவான்னு கேப்பா அவ. ஆனா ஒண்ணு. இந்தத் தடவ எப்படி வருதோ அப்படியே சொல்லிடு."

"யார்கிட்டண்ணே?"

"அவகிட்டதான்" என்றார்.

மறுநாள் மத்தியானம் சீவினேன். உன் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். நாலு வரும் என்று நினைத்தேன், மூன்றுதான் வந்தது. மூன்றாவதின் ஓரத்தில் ஒரு கிழிசல், வழக்கம் போல. ரிப்பனை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பளபளப்பைக் கீழே வைத்து மிதக்கவிட்டேன். ஒரு சீவலுக்கு உடனே சாயமேற்றி மேடத்திடம் புதிதாகக் கோடு வாங்கினேன். மற்ற இரண்டையும் சுரண்டினேன். சுரண்டிய பின் ஸ்லைடுகளுக்கும் சாயமேற்றிப் பார்த்தேன். கோட்டுக்குள் நோய் ஒரு துளிகூட இல்லாமல் போயிருந்தது, வெளியே இரண்டு மூன்று நல்ல குழாய்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. சரியான பக்கத்தைத்தான் சுரண்டியிருக்கிறேன். டியூபுகளில் எண் எழுதும்போது மூன்று தடவை சரிபார்த்தேன். மெஷினில் ஏற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து, தப்பு என்னுடையதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. உன் நோய்ப் பகுதிக் கோடு எல்லாவற்றுக்கும் முன்னால் எழுந்தது. முன்னால் எழுந்தால் அதில்தான் அதிகம் என்று அர்த்தம். முதல் தடவை வந்த அதே எண். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக மேசை மேல் விழுந்திருந்தது, தொட்டித் தண்ணீரின் நெளிவு கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். நீ இல்லாமலேயே என் கை ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. எண்ணில் கோளாறு இல்லை. கோளாறு நான் உன்னிடம் சொன்ன வார்த்தையில்தான்.

இதோ, உன் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டபடி சொல்லிவிடுகிறேன். நீ எல்லோரையும் மாதிரி வரவில்லை. நம் அலமாரியில் உனக்கு ஒரு செட்டு இல்லை. அந்த மத்தியானம் உன்னைத் தூங்க வைக்க நான் பொய் சொன்னேன். திருப்பிக் கேட்டால் மறுபடியும் சொல்வேனோ என்னவோ, அது வேறு விஷயம். ஆனால் உனக்கு உண்மை தெரிய வேண்டும். நம் இருவரில் ஸ்லைடை நேராகப் பார்க்கப் பயப்படாதவள் நீதான். கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, "எங்க, கிராஃபக் காட்டு" என்று கேட்டிருப்பாய். உன்னைக் குறைவாக நினைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

மேடத்திடம் உன்னை எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். கட்டுரையை மதிப்பிடுகிறவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்றார். கேட்கட்டும் மேடம், ரெண்டு தடவை செய்தாயிற்று, ரெண்டு தடவையும் அதேதான் என்றேன். என் குரல் ஏறிவிட்டது. மேடம் உன் ஸ்லைடுகளை வாங்கிப் பார்த்தார். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி வைத்து, டீ ஆறிப்போகும் வரை பார்த்தார். "சரி, இருக்கட்டும். தனியா வர்றத தனியாவே போடு. எப்படிச் செஞ்சோம்னு ஒரு வரி விடாம எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். படத்தில் எல்லாப் புள்ளிகளும் கீழே கூட்டமாக இருக்கின்றன, ஒரே ஒரு புள்ளி மேலே. உன் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒன்பதாம் எண் பிளாக் இப்போது வெறும் மெழுகு. பதிவேட்டில் தீர்ந்தது என்று எழுதி வைத்துவிட்டேன். மெழுகை உருக்கத் தரவில்லை, என் பையில் இருக்கிறது. இது விதிப்படி சரியில்லை. திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

இனிமேல் நான் சுமக்கப்போவது அந்த மெழுகை மட்டும் இல்லை. எங்கோ ஓர் ஊரில், நமக்குப் பெயர் தெரியாத ஒரு பெண்ணுக்கு இதே நோய் வரும். அவள் எண்ணும் தலைகீழாக வரும். அங்கே ஒருத்தி, என்னை மாதிரியே பயந்தாங்கொள்ளி, அதை எடுத்துவிடலாமா என்று பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு தேடிப் பார்ப்பாள். நம் படம் கிடைக்கும். மேலே இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளியைப் பார்ப்பாள். பிறகு எழுந்து போய், அந்தப் பெண்ணின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உங்கள மாதிரியே இன்னொருத்தவங்க இருக்காங்க" என்று சொல்வாள். அவளுக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்காது.